சார்ஜ் இல்லை என்று சொன்னேன்

மூன்று வருடங்களுக்கு முன்னால், பொங்கல் கழிந்து வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை. திருப்பதியிலிருந்து நானும் மனைவியும், அப்போது ஆறாவது படித்துக்கொண்டிருந்த மகளும் அலையாத்திக் காடு பார்க்கப் போனோம். தடாவில் இறங்கி, கடலோடு சேர்கிற உப்பேரியின் கரையோரமாக ஆட்டோவில் முக்கால் மணி நேரம் போனால் ஒரு மீனவர் குப்பம். அங்கிருந்து படகில்தான் காட்டுக்குள் போக முடியும். குப்பத்தின் பெயரை எழுதவில்லை. ஏன் என்று படித்து முடிக்கும்போது உங்களுக்கே தெரியும்.

நான் நகரிக்காரன்; ஊர் ஆந்திராவில் இருந்தாலும் வீட்டில் தமிழ்தான். வீட்டில் பவர்லூம் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு அந்தச் சத்தம் ஒத்துவரவில்லை. இருபத்திரண்டு வயதில் திருப்பதிக்கு வந்து ஒரு லாட்ஜில் வாட்ச்மேனாகச் சேர்ந்தேன். இப்போது அதே லாட்ஜில் செக்யூரிட்டி சூப்பர்வைசர். கேமரா திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்து, யார் பையை யார் எடுக்கிறார்கள், யார் அறைக்கு முன்னால் யார் தேவையில்லாமல் நிற்கிறார்கள் என்று பார்ப்பதுதான் வேலை. சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். வருடக்கணக்கில் அதையே செய்கிறவனுக்கு வீட்டுக்கு வந்தாலும் அது விடாது. மகளின் பள்ளி வேன் டிரைவர் மாறினால் அவர் சொந்த ஊர் வரை விசாரித்துவிடுவேன். மனைவி சிரிப்பாள்.

காடு பார்க்க ஆசைப்பட்டது மனைவிதான். போனில் ஏதோ வீடியோ பார்த்திருக்கிறாள். தண்ணீருக்குள்ளேயே நிற்கிற மரங்கள், சேற்றில் துள்ளுகிற மீன், ரோஸ் நிறப் பூநாரைகள். "கல்யாணமாகி பதினாலு வருசமாச்சு. கோயில விட்டா ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரிய விட்டா கோயில். வேற எங்கனா இட்டுக்கினு போயிருக்கியா?" என்று ஒருநாள் கேட்டாள். லாட்ஜில் அடிக்கடி வந்து தங்கும் ஒரு பறவைப் பிரியர், தனக்குத் தெரிந்த படகுக்காரர் ஒருவரின் நம்பரைக் கொடுத்தார். வனத்துறையில் அனுமதிச் சீட்டும் வாங்கிவிட்டேன்.

இருட்டோடு கிளம்பிக் காளஹஸ்தி, அங்கிருந்து தடா, அங்கிருந்து ஆட்டோ. குப்பத்துக்குப் போய்ச் சேரும்போது ஒன்பதரை ஆகிவிட்டது. படகுக்காரர் கரையில் நின்றுகொண்டிருந்தார். என் வயதுதான் இருக்கும், நாற்பதைத் தாண்டியவர். மடித்துக் கட்டிய லுங்கி, சாயம் போன சட்டை, தலையில் துண்டு. பேசும்போது முகத்தைப் பார்க்கவே மாட்டார். தண்ணீரைப் பார்ப்பார், வானத்தைப் பார்ப்பார், நம் காலைப் பார்ப்பார். எனக்கு அங்கேயே முதல் மணி அடித்துவிட்டது. கண்ணைப் பார்த்துப் பேசாதவர்களை நான் எப்போதுமே கூடுதலாகக் கவனிப்பேன்.

"மூணு பேருதானா சார்? யாருக்கினா சொல்லிட்டு வந்தீங்களா, இங்க வரோம்னு?" என்று கேட்டார்.

இவருக்கு எதற்கு இது? "எல்லாருக்கும் தெரியும். லாட்ஜ்ல தெரியும், போலீஸ்ல என் பிரெண்டுங்களுக்கும் தெரியும்" என்று போலீஸையும் சேர்த்துச் சொல்லி வைத்தேன். அவர் தலையாட்டிக்கொண்டார். பிறகு மனைவியிடம், "அக்கா, கழுத்து செயின உள்ள போட்டுக்கோ. கெளையில மாட்டிக்கும்" என்றார். செயினை அவர் பார்த்திருக்கிறார். நான் மனைவியைப் பார்த்தேன். அவள் வெகுளியாக "சரிண்ணா" என்று செயினை ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டாள்.

எங்களுக்கு லைஃப் ஜாக்கெட் மாட்டிவிட்டு, அவர் கொஞ்சம் தள்ளிப் போய் எங்களுக்கு முதுகைக் காட்டி யாருக்கோ போன் செய்தார். தெலுங்கில் பேசினார். நாங்கள் தமிழில் பேசியதால் எனக்குத் தெலுங்கு தெரியாது என்று நினைத்தாரோ என்னவோ. "முக்குரே. மகோடு ஒக்கடே" என்றது தெளிவாகக் காதில் விழுந்தது. மூன்றே பேர். ஆம்பளை ஒருத்தன்தான்.

அப்போதே திரும்பியிருக்கலாம். ஆனால் மகள் ஏற்கெனவே படகில் ஏறி முன் பக்கத்தில் உட்கார்ந்து கையைத் தண்ணீரில் விட்டிருந்தாள். மனைவி முகத்தில் நான் ரொம்ப நாளாகப் பார்க்காத ஒரு சந்தோஷம். ஏறிவிட்டேன். ஏறுகிற சாக்கில் படகின் நம்பரையும் அவர் முகத்தையும் ரகசியமாகப் படம் எடுத்துக்கொண்டேன். மச்சானுக்கு அனுப்பலாம் என்று பார்ப்பதற்குள் படகு கிளம்பி, டவர் போய்விட்டது.

காட்டைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும். பிரமாதமாகத்தான் இருந்தது. அகலமான ஏரியில் அரை மணி நேரம் போய் ஒரு கால்வாய்க்குள் நுழைந்ததும் காற்றின் சத்தமே அடங்கிவிட்டது. இரண்டு பக்கமும் மரங்கள். ஒவ்வொன்றும் பத்துக் கால் ஊன்றித் தண்ணீரில் நிற்கிற மாதிரி வேர்கள். கரைச் சேற்றில் பென்சில் நட்டு வைத்ததுபோல ஆயிரக்கணக்கில் கூர்கூராக முளைத்திருந்தன. "அது வேருதான் பாப்பா. மூச்சு உடறதுக்கு மேல வந்து நிக்குது" என்றார் படகுக்காரர். ஒரு இலையைப் பறித்து அடிப்பக்கத்தை நக்கிப் பார்க்கச் சொன்னார். "நைனா, உப்பு!" என்று மகள் கத்தினாள். எனக்கும் நீட்டினாள். நான் வாங்கவில்லை. தெரியாத இலை.

ஒரு கை மட்டும் பெரிதாக உள்ள சிவப்பு நண்டுகள் எங்களைப் பார்த்ததும் கையை ஆட்டிவிட்டு வளைக்குள் ஓடின. மனைவி ஒவ்வொன்றுக்கும் சிரித்தாள். நான் மட்டும் நண்டையும் பார்க்கவில்லை, பறவையையும் பார்க்கவில்லை. எத்தனை இடது, எத்தனை வலது என்று திருப்பங்களை எண்ணிக்கொண்டே வந்தேன்.

பதினொன்றரை இருக்கும். பெரிய கால்வாயிலிருந்து ஒரு குறுகலான கிளைக்குள் படகைத் திருப்பினார்.

"இங்க எதுக்கு?" என்றேன். என் குரல் எனக்கே கடுமையாகக் கேட்டது.

"உள்ள பெரிய திட்டு ஒண்ணு கீது சார். பூநாரைங்க மேயும். அக்கா அதான கேட்டாங்க."

திட்டு இருந்தது. பூநாரைகளும் இருந்தன, ஐம்பது அறுபது இருக்கும். மனைவி வாயில் கையை வைத்துக்கொண்டு பார்த்தாள். ஐந்து நிமிடம்கூட இருக்காது. படகைத் திருப்பும்போது அடியில் கறக் என்று ஒரு சத்தம். என்ஜின் திணறி நின்றுவிட்டது. தண்ணீருக்குள் கிடந்த பழைய வலை ஒன்று என்ஜின் விசிறியில் சிக்கியிருந்தது. அவர் பின்பக்கம் குனிந்து கத்தியால் அறுத்தார். அறுக்கும்போது சட்டைப் பையிலிருந்த அவர் போன் நழுவித் தண்ணீரில் விழுந்தது. கையை விட்டு எடுத்தார். போன் செத்திருந்தது.

வலையை எடுத்த பிறகும் என்ஜின் ஓடவில்லை. விசிறியைப் பிடித்து நிறுத்தும் ஆணி முறிந்துவிட்டது என்றார். நீளமான கழியை ஊன்றித் தள்ளிப் பார்த்தார். அதற்குள் தண்ணீர் வடிய ஆரம்பித்திருந்தது. வரும்போது நனைந்திருந்த வேர்களெல்லாம் இப்போது வெளியே தெரிந்தன. கால் மணி நேரம் தள்ளியிருப்பார். படகின் அடிப்பாகம் சேற்றில் உட்கார்ந்துகொண்டது.

அவர் நிமிர்ந்து, முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தார்.

"சார், உங்க போன குடுங்க. இங்க டவர் கெடைக்காது. அந்த வளைவு தாண்டினா கொஞ்சம் எடுக்கும். என் சம்சாரத்துக்கு போன் பண்ணிட்டு வந்துடறேன். அது சின்ன படகு எடுத்துக்கினு வந்துடும். தண்ணி சுத்தமா வத்தறதுக்குள்ள வந்துட்டா போயிடலாம்."

இதை நீங்கள் படிக்கும்போது, கொடுக்க வேண்டியதுதானே என்று தோன்றும். ஆனால் அதற்கு முந்தின மாதம்தான் எங்கள் லாட்ஜ் வாசலில் ஒருவன் 'ஒரே ஒரு கால்' என்று ஒரு பெரியவரின் போனை வாங்கிக்கொண்டு மாயமாகியிருந்தான். அந்தக் காட்சியை நான் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தவன். இங்கே, ஆள் நடமாட்டம் இல்லாத காடு. கையில் இருப்பது ஒரே போன். மனைவி தன் போனை வீட்டிலேயே சார்ஜில் மறந்து வைத்துவிட்டு வந்திருந்தாள். இவரோ காலையில் 'ஆம்பளை ஒருத்தன்தான்' என்று யாரிடமோ சொன்னவர். அவர் போன் தண்ணீரில் விழுந்ததே ஒரு நாடகமோ என்றுகூட நினைத்தேன்.

"என் போன்ல சார்ஜ் இல்ல. காலையிலயே ஆஃப் ஆயிடுச்சு" என்றேன்.

மனைவி சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள். படகுக்காரர் "சரி சார்" என்றார்.

தலையில் இருந்த துண்டை அவிழ்த்து, கழியையும் ஒரு கிளையையும் சேர்த்துக் கட்டி, மகள் தலைக்கு மேல் நிழல் போட்டார். தன்னிடம் இருந்த தண்ணீர் கேனை எங்கள் பக்கம் தள்ளி வைத்தார். "நான் மரத்துக்குள்ள வேர் மேல கால வெச்சி நடந்தே போயிடறேன். நேரமாவும். எது ஆனாலும் படக விட்டு எறங்காதீங்க. மேல காஞ்ச மாதிரி தெரியும் சார். உள்ள இழுத்துக்கும். சாயங்காலம் தண்ணி ஏறும், அதுக்குள்ள வந்துடுவேன்" என்று சொல்லிவிட்டு வேர்களைப் பிடித்துப் பிடித்து மரங்களுக்குள் போனார். கொஞ்ச நேரம் கிளைகள் அசைவது தெரிந்தது. அப்புறம் அதுவும் இல்லை.

மனைவி என்னிடம் மெதுவாகக் கேட்டாள், "ஏன் அப்டி சொன்ன?"

"உனக்குத் தெரியாது, சும்மா இரு" என்றேன்.

ஒரு மணி நேரம் ஆனது. ஒன்றரை ஆனது. வெயில் மண்டையில் இறங்கியது. சுற்றிலும் ஒரே சேற்று நாற்றம். போனை எடுத்துத் தலைக்கு மேலே தூக்கித் தூக்கிப் பார்த்தேன். ஒரு கோடுகூட இல்லை. இரண்டு மணி வாக்கில் எதிர்க்கரை மரங்களுக்கு நடுவே இரண்டு ஆண்கள் தெரிந்தார்கள். கையில் கம்பி, இடுப்பில் கூடை. நின்று எங்களையே பார்த்தார்கள். ஒருவர் கையை நீட்டி எண்ணுவது போல இருந்தது. நான் கூப்பிட்டேன். பதில் சொல்லாமல் உள்ளே போய்விட்டார்கள்.

எனக்குள் எல்லாக் கணக்கும் சரியாகிவிட்டது. நோட்டம் பார்க்க ஆள் அனுப்பியிருக்கிறான். வெளிச்சம் குறையட்டும் என்று காத்திருக்கிறார்கள். அதற்குள் மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு வெளியேற வேண்டும். மரங்கள் இல்லாத பக்கத்தில் ஒரு சேற்று வெளி. அதைத் தாண்டி தூரத்தில் ஒரு கரண்டுக் கம்பம் தெரிந்தது. கம்பம் இருந்தால் ரோடு இருக்கும். சேற்றின் மேல் வெயில் பட்டு ஓடு ஓடாக வெடித்துக் கிடந்தது. அவர் நடந்து போகவில்லையா? நாங்களும் நடக்கலாம்.

"எறங்க வேணாம்னு அந்த அண்ணன் சொன்னாரில்ல?" என்றாள் மனைவி.

"அதனாலதான் எறங்கணும்."

இந்த வாக்கியத்தை நான் அறிவாளித்தனம் என்று நினைத்துச் சொன்னேன்.

லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றி எறிந்துவிட்டு இறங்கினேன். முதல் பத்து அடி தாங்கியது. திரும்பி மகளை வரச் சொல்லிக் கைகாட்டினேன். அவள் இறங்கி இரண்டு அடி வைத்திருப்பாள். நான் அடுத்த காலை வைத்தேன். ஓடு உடைந்தது. வலது கால் முழங்கால் வரை இறங்கியது. அதை இழுப்பதற்காக இடது காலை ஊன்றினேன். அது தொடை வரை போனது. "வராதே!" என்று கத்தினேன். பின்னால் மகளும் முழங்கால் வரை புதைந்து அலறிக்கொண்டிருந்தாள். மனைவி படகில் மண்டியிட்டு, நிழலுக்குக் கட்டியிருந்த கழியை அவிழ்த்து நீட்டி, மகளை எப்படியோ படகுக்கு இழுத்துப் போட்டாள். ஒரு செருப்பு சேற்றிலேயே போய்விட்டது.

கழி எனக்கு எட்டவில்லை. நான் உதறினேன். உதற உதற இறங்கினேன். இடுப்பு வரை போன பிறகுதான் நிறுத்தத் தோன்றியது. கால்களை யாரோ கீழேயிருந்து இரண்டு கையாலும் பிடித்து வைத்திருக்கிற மாதிரி இருந்தது. குளிர்ச்சியாக, இறுக்கமாக. அப்படியே நின்றேன். எவ்வளவு நேரம் என்று சரியாகத் தெரியாது. ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கும். மனைவி என் பெயரைச் சொல்லி வழக்கமாகக் கூப்பிட மாட்டாள். அன்று திரும்பத் திரும்ப என் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தாள். மகள் அழுது அழுது ஓய்ந்து, என்னையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பிறகு வெடித்த ஓடுகளின் நடுவே தண்ணீர் கோடு கோடாக ஊர்ந்து வருவதைப் பார்த்தேன். சாயங்காலத் தண்ணீர் ஏற ஆரம்பித்திருந்தது. முதலில் விரல் கனம். அப்புறம் ஒரு சாண். என் வயிற்றைச் சுற்றிச் சில்லென்று ஏறியது. பெருமாளை நினைத்தேன். அதைவிட அதிகமாக, அந்தப் படகுக்காரர் வந்துவிட வேண்டும் என்று நினைத்தேன். காலையிலிருந்து யாரைப் பார்த்துப் பயந்தேனோ, அவருக்காகத்தான் கண் கொட்டாமல் அந்த வளைவையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவர் வந்தார். சின்னப் பலகைப் படகு ஒன்று, அரையடித் தண்ணீரில் மிதக்கக்கூடியது. முன்னால் அவர் மனைவி கழி ஊன்றிக்கொண்டு வந்தார். தண்ணீர் போதாத இடங்களில் இரண்டு பேரும் இறங்கி அதைச் சேற்றின் மேல் இழுத்தே வந்திருக்கிறார்கள். என்னைப் பார்த்ததும் அந்தம்மா "ஐயோ தேவுடா" என்றார். அவர் படகிலிருந்த உட்காரும் பலகையைப் பிடுங்கிச் சேற்றின் மேல் போட்டு, அதன் மேல் குப்புறப் படுத்து, கையால் துழாவி வழுக்கிக்கொண்டே என்னிடம் வந்தார்.

"ஒதறாதீங்க சார். ஒதறினா இன்னும் புடிச்சிக்கும். அப்டியே மல்லாந்து என் பலகை மேல சாயுங்க. சாயுங்க, நான் கீறேன்."

சாய்ந்தேன். என் தலை அவர் தோளில் இருந்தது. அவர் ஒரு கையைத் தண்ணீருக்குள் விட்டு என் தொடையை ஒட்டிச் சேற்றைத் தோண்டினார். "தண்ணி உள்ள போனாத்தான் உடும்" என்றார். அப்படித் தோண்டும்போது நிறுத்தினார். "சட்டப் பையில இன்னா கீது? நனஞ்சிடப் போவுது" என்று என் பைக்குள் கையை விட்டுப் போனை எடுத்தார்.

விரல் பட்டதும் திரை பளிச்சென்று எரிந்தது. மகளின் படம். மேல் ஓரத்தில் பாதிக்கு மேல் நிறைந்திருந்த பேட்டரி.

என் முகத்துக்கும் அவர் முகத்துக்கும் ஒரு சாண் தூரம்கூட இல்லை. அவர் திரையைப் பார்த்தார். அவர் பார்த்ததை நான் பார்த்தேன். ஏதாவது சொல்லிவிட மாட்டாரா, திட்டிவிட மாட்டாரா என்று இருந்தது. "உப்புத் தண்ணி பட்டா போயிடும் சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு, போனைத் தன் சட்டைக் காலருக்குள் பின்கழுத்தில் செருகிக்கொண்டு மறுபடியும் தோண்ட ஆரம்பித்தார்.

இடது கால் வந்தது. வலது கால் வர ரொம்ப நேரம் ஆனது. கடைசியில் என் அக்குளுக்கடியில் கயிற்றைக் கட்டி, அவர் மனைவியும் என் மனைவியும் படகிலிருந்து இழுக்க, மீனை இழுப்பது போல என்னை இழுத்துப் போட்டார்கள். படகில் ஏறிய பிறகுதான் அவர் காலைப் பார்த்தேன். இடது பாதத்தில் குதிகாலிலிருந்து நடுப்பாதம் வரை கிழிந்து, ஒரு துணி சுற்றியிருந்தது. துணி முழுக்க ரத்தமும் சேறும். காட்டுக்குள் நடக்கும்போது வேரில் ஒட்டியிருந்த சிப்பி அறுத்துவிட்டதாம். அந்தக் காலோடு மிச்ச தூரம் நடந்து போய், அந்தக் காலோடு படகை இழுத்து வந்திருக்கிறார். திரும்பும் வழியில் அவர் மனைவி அந்தப் பக்கம் திரும்பிக் கழி ஊன்றியபோது, போனை என் உள்ளங்கையில் வைத்து என் விரல்களை மூடிவிட்டார்.

குப்பத்துக்கு வந்து சேர்ந்தபோது பொழுது சாயவில்லை. கரையில் அந்த இரண்டு ஆண்கள் நின்றிருந்தார்கள். நண்டு பிடிக்கிறவர்கள். வழியில் பார்த்த இவர்களிடம், அந்த மூன்று பேரும் படகிலேயே இருக்கிறார்களா என்று எட்டிப் பார்த்துவிட்டு வரும்படி படகுக்காரர்தான் சொல்லி அனுப்பியிருக்கிறார். இருக்கிறார்கள் என்று இவர்கள் போய்ச் சொல்லியிருக்கிறார்கள். நான் கூப்பிட்டது இவர்களுக்குக் கேட்கவே இல்லையாம்.

அவர் மனைவி எங்கள் கால் கழுவத் தண்ணீர் கொடுத்தார். அதுவரை அடக்கி வைத்திருந்தது அப்போது வெடித்தது.

"எம்புருசன் கால பாத்தீங்களா? இனிமே எப்டி தண்ணியில எறங்கும்? இந்தக் காலத்துல போனு இல்லாம எவன்னா ஊட்ட விட்டு வருவானா? ஒரு போனு இருந்திருந்தா இவ்ளோ தூரம் நடந்திருக்குமா இது?"

நான் வாயைத் திறக்கும் முன்னால் அவர் குறுக்கிட்டார். "சார் போன்ல சார்ஜ் இல்ல. அவுரு இன்னா பண்ணுவாரு? நீ சோத்தப் போடு."

என் மகள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

சோறும் இறால் குழம்பும் போட்டார்கள். மத்தியானத்துக்கே ஆக்கி வைத்தது. "சின்னப் பாப்பா வருதுன்னு போன் பண்ணி சொல்லிச்சு. அதான் காரம் கொறச்சிப் போட்டேன். துன்னு பாப்பா" என்று அந்தம்மா கோபம் தணியாத குரலிலேயே மகளுக்குப் பரிமாறினார். மூன்று பேர், ஆம்பளை ஒருத்தன் என்று காலையில் அவர் போனில் சொன்னது எத்தனை பேருக்கு உலை வைக்க வேண்டும் என்பதற்காக. அதற்குப் பிறகு பாப்பாவைப் பற்றியும் சொல்லியிருக்கிறார். அதைக் கேட்க நான் காது கொடுக்கவில்லை. உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் கிடையாது. சொல்லவில்லை. கூலியைக் கொடுத்தேன், ஆஸ்பத்திரிக்குக் கூட வருகிறேன் என்றேன். குழந்தையை வைத்துக்கொண்டு அலைய வேண்டாம், மச்சினன் வண்டியில் கூட்டிப் போவான் என்று அனுப்பிவிட்டார்கள்.

காளஹஸ்தி பஸ்ஸில் மகள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டாள், "நைனா, பொய் சொன்னது நீதான? அந்த மாமா ஏன் உனக்காக பொய் சொன்னாரு?"

மனைவி தூங்குகிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

அடுத்த ஞாயிறு தனியாகப் போனேன். பாதத்தில் தையல் போட்டிருந்தது. வாசலில் காலை நீட்டி உட்கார்ந்து பழைய வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார். ஒரு மாதம் தண்ணீரில் இறங்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். அவர் மனைவிதான் விடியற்காலையில் தம்பியோடு வலைக்குப் போய்வருகிறார். அன்று அந்தம்மாவும் அங்கேயே உட்கார்ந்து இறால் பிரித்துக்கொண்டிருந்தார். அந்தம்மா கேட்கட்டும் என்றுதான் சத்தமாகச் சொன்னேன். போனில் சார்ஜ் இருந்தது, நான்தான் பொய் சொன்னேன், உங்கள்மேல் எனக்குச் சந்தேகம் இருந்தது என்று.

"தெரியும் சார்" என்றார் படகுக்காரர். "நான் சட்டப் பையில பாத்ததுக்கு முன்னாடியே தெரியும். நீங்க சார்ஜ் இல்லன்னு சொல்லும்போது பாப்பா திரும்பி உங்க மூஞ்சியப் பாத்துச்சு. கொழந்தைக்கு மறைக்கத் தெரியாதில்ல?"

"தெரிஞ்சும் ஏன் கேக்காம போனீங்க?"

"கேட்டா இன்னா ஆவும்? உங்களுக்கு இன்னும் பயம் ஜாஸ்தி ஆவும். பொண்டாட்டி புள்ளைய இட்டுக்கினு வந்து காட்டுல மாட்டிக்கினீங்க. என்ன யாருன்னு உங்களுக்குத் தெரியாது. பயந்தது தப்பில்ல சார்."

அவர் மனைவி இறால் கூடையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். என்னைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டார். நான் கிளம்பும்வரை வெளியே வரவில்லை. அவர் மன்னித்ததை அந்தம்மாவும் மன்னிக்க வேண்டும் என்று எதிர்பார்க்க எனக்கு என்ன உரிமை? அந்தக் குப்பத்தின் பெயரைப் போட்டு, யாராவது போய் அவர்களிடம் இந்தக் கதையை மறுபடி கிளற வேண்டாம் என்றுதான் பெயரை விட்டுவிட்டேன்.

பயந்தது தப்பில்லை என்று அவர் சொன்னதைப் பல நாள் யோசித்திருக்கிறேன். சரிதான், பயப்படலாம். ஆனால் 'உங்களை எனக்குத் தெரியாது, கையில் இருப்பது ஒரே போன், கொடுக்கப் பயமாக இருக்கிறது' என்று அன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருந்தால், அவரே ஏதாவது ஒரு வழி சொல்லியிருப்பார். நான் மரியாதையாக ஒரு பொய்யைச் சொல்லி அவர் வாயையும் அடைத்தேன், என் வழியையும் அடைத்தேன். இப்போதும் எனக்குச் சந்தேகம் வரத்தான் செய்கிறது. வந்தால் வாய்விட்டுச் சொல்லிவிடுகிறேன். சிலர் கோபித்துக்கொள்கிறார்கள், கோபித்துக்கொள்ளட்டும். என் பயத்தை நான் மறைத்ததற்காக இனி இன்னொருவர் சிப்பியின் மேல் நடக்கக்கூடாது.